பெயர்த்தெழுதுதலும் எம் சிறாரும்

சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூற வேண்டியுள்ளது. அதில் எவருக்கும் தாழ்வு கற்பிப்பது என் நோக்கமன்று. தாழ்வு உண்டெனில் அது ஆசிரியனாகிய எனக்கே முதலில் உரியது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உழவுத் தொழிலின் சிறப்பைப் பற்றிப் பேச மேடையேறினாள். பேச்சு பாதிவரை கணீரென்று வந்தது; பின்னர் நின்றுவிட்டது. அவளை ஆயத்தப்படுத்திய தாயார் அவ்வேளை மண்டபத்துச் சமையலறையில் எல்லோருக்கும் வடை சுட்டுக்கொண்டிருந்தார். திரைக்கு அருகில் நின்ற நான் அவள் கையிலிருந்த தாளை எட்டி வாங்கி, அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க முயன்றேன். என்னால் இயலவில்லை. ஊரிலும் இங்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்தவன் அத்தாளில் இருந்த தமிழை வாசிக்க முடியாமல் நின்றேன். அது முதலெழுத்துத் தொடக்கம் கடைசி எழுத்துவரை டொச்சு எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் முறை கூர்ந்து நோக்கிய பின்னரே ‘உழவர்’ என்னும் சொல் எனக்குப் புலப்பட்டது. அதற்குள் சபையோர் இரக்கத்தோடு கைதட்டிவிட்டனர். பிள்ளையும் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தத் தாயாரை நான் குறை கூறேன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், விழாவுக்கு ஒரு கிழமையே இருந்த நிலையில், வேறொரு மாணவனுக்கு நானே அவ்வாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எம் மேடைகளில் ஒலிக்கும் பேச்சுகளுள் எத்தனை தமிழெழுத்தில் எழுதப்பட்ட தாளிலிருந்து மனனம் செய்யப்பட்டவை என்று பெற்றோரும் ஆசிரியரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அது குறித்து என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஓரிடத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து வேறோரிடத்தில் எழுதுவதைத் தமிழில் பெயர்த்தெழுதுதல் என்கிறோம். பெயர்த்தல் என்பது ஒன்றை இருந்த இடத்திலிருந்து எடுத்தல். கல்லைப் பெயர்க்கிறோம், சுவரில் அறைந்த ஆணியைப் பெயர்க்கிறோம், கன்றை மண்ணோடு பெயர்த்து வேறு பாத்தியில் நடுகிறோம். ஒரு மொழியில் உள்ள பொருளை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்வது மொழிபெயர்ப்பு. தொல்காப்பியம் வழிநூலின் வகை நான்கினுள் ஒன்றாக அதனைக் கூறியிருப்பதால், இச்சொல்லாட்சியின் பழைமை விளங்கும். ஒரு மொழியின் ஒலியை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதுவது ஒலிபெயர்ப்பு. இடம்பெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர் என்று எம்மைக் குறிக்கும் பெயர்களும் இவ்வினையிலிருந்தே வந்தவை. கன்றைப் பெயர்த்து நடுபவன் வேரோடு கூடிய மண்ணை உதிரவிடாமல் எடுப்பான். எழுத்தைப் பெயர்ப்பவனும் அவ்வாறே மூலத்தில் உள்ளது எதுவும் உதிராமற் பார்த்துக்கொள்ள வேண்டும். இச்சொல்லுக்குள் அந்தப் பொறுப்பும் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு. படியெடுத்தல் என்பது அது. கையெழுத்துப் படி, அச்சுப் படி, மூலப் படி என்றெல்லாம் வழங்குகிறோம். படி என்பது பிரதி. படி என்பதே வாசி, கல் என்னும் ஏவலும் ஆகும். ஒரே வடிவில் நிற்கும் இவ்விரு சொற்களையும் பார்க்கும்போது, ஏட்டுக் காலத்துக் கல்விமுறை என் நினைவுக்கு வரும். அக்காலத்தில் ஒரு நூலைக் கற்க விரும்பிய மாணாக்கன், பெரும்பாலும் ஆசிரியரிடம் இருந்த ஏட்டைப் பார்த்துத் தனக்கென ஒன்று எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. எழுதி முடிக்கையில் நூலின் பெரும்பகுதி நெஞ்சில் பதிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நாம் இதனைப் பார்த்தெழுதுதல் என்றே பாடசாலையில் வழங்கினோம். உறுப்பெழுத்து, பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல் என்று படிமுறையாக வரும். எழுதும் புத்தகத்துக்கே கொப்பி என்று பெயர். ஆயின் அதே ‘கொப்பி’, ‘அடித்தல்’ என்னும் சொல்லோடு சேர்ந்தால் பரீட்சைக் குற்றமாகிவிடும். எம் பிள்ளைகள் இங்கு கற்கும் டொச்சு மொழியிலும் இதே நிலைதான். ‘அப்ஷ்ரைபன்’ என்னும் சொல் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதையும் குறிக்கும். அயலில் இருப்பவன் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதையும் குறிக்கும். முன்னதைச் செய்யாவிடினும் ஆசிரியர் கடிந்துகொள்வார், பின்னதைச் செய்தாலும் கடிந்துகொள்வார் என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் சொல்லிச் சிரித்தான்.

பார்த்தெழுதுதலுக்கு இன்று நற்பெயர் இல்லை. அதற்கு ஆசிரியர்களாகிய நாமும் காரணம். பாடம் தெரியாத பிள்ளைக்கு ‘நூறு தரம் எழுது’ என்று அதனைத் தண்டனையாக்கினோம். நானும் அவ்வாறு தண்டித்திருக்கிறேன். நாற்பதாம் தரத்துக்கு மேல் பிள்ளையின் கண் எழுத்தில் இராது. முதலில் ‘நான்’ என்பதை மேலிருந்து கீழாக நூறு முறை எழுதி, பின் அடுத்த சொல்லை அவ்வாறே எழுதி வருவான். அது பெயர்த்தெழுதுதலாகாது; கை வலிக்க வைக்கும் வழி மட்டுமே. இக்காலத்திலோ நாம் வேறொரு பிழை செய்கிறோம். நிழற்பிரதி எடுத்த பயிற்சித் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, இடைவெளிகளில் ஒவ்வொரு சொல்லை மட்டும் நிரப்பச் சொல்கிறோம். ஓராண்டு முழுவதும் தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒரு முழு வாக்கியத்தையேனும் தன் கையால் எழுதாமல் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட இயலும். சென்றும் இருக்கிறார்கள்.

ஏட்டை மீண்டும் நினைக்க வேண்டும். பனையோலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுவிடும் என்று அஞ்சிப் புள்ளியின்றியே எழுதினர். மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் வடிவு ஒன்றாயிற்று. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இருந்த வேறுபாடும் அப்புள்ளியோடு போயிற்று. ‘எடு’ என்று எழுதினாலும் ‘ஏடு’ என்று எழுதினாலும் ஓலையில் ஒன்றே. காலும் ரகரமும் ஒரே வடிவின. பின்னாளில் வீரமாமுனிவர் (1680–1747) நெடில்களுக்குத் தனிக்குறி அமைத்தே இம்மயக்கத்தின் ஒரு பகுதியைப் போக்கினார் என்பர். இத்தகைய எழுத்தைப் பார்த்துப் பிழையின்றிப் பெயர்த்தெழுத வேண்டுமாயின், எழுதுபவனுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும்; செய்யுளின் பொருளும் யாப்பும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் எழுதினால் என்ன விளையும் என்பதற்கு ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்னும் பழமொழியே சான்று. எழுதியோர் தம் வழுக்களைப் பொறுக்குமாறு கற்றோரை வேண்டி ஏட்டின் இறுதியில் குறிப்பு எழுதிவைப்பதும் உண்டு.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபோது எதிர்கொண்டது இந்த ஏடெழுதியோர் விட்ட வழுக்களையே. புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் அவ்வாறே பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து, எது மூலம் எனத் தேர்ந்தார். பிழையோடேனும் தலைமுறை தலைமுறையாக எவரோ இருந்து பெயர்த்தெழுதியிராவிடின், ஒப்புநோக்க அவர்களுக்கு ஏடே இருந்திராது. ஓலைக்கு வாழ்நாள் உண்டு. செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். படியெடுக்கப்படாத நூல்கள் பெயரளவில் மட்டுமே எமக்குத் தெரிகின்றன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை முன்னரே அச்சேறியிருந்தமையால் இன்றும் எமக்குக் கிடைக்கிறது; படியெடுக்கப்படாத ஏடுகள் சாம்பலோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களை மின்வடிவில் படியெடுத்து வைப்பதும் அப்பழைய தொழிலின் தொடர்ச்சியே.

என் கதையும் சிறிது உண்டு. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பொருளாதாரத் தடையால் தாளும் அரிதாயிற்று. பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது. எம் வகுப்பில் மூவருக்கு ஒரு பாடநூல். நாவலரின் இலக்கணச் சுருக்கம் ஒன்று ஆசிரியரிடம் இருந்தது. அதனை இரவல் வாங்கி, ஜாம் போத்தல் விளக்கின் கீழ் இரண்டு மாதங்களாகப் பெயர்த்தெழுதினேன். அந்தக் கொப்பியை 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு நடந்தபோது உடுப்புப் பையில் கொண்டு சென்றேன். பின்னர் வன்னியில் ஆசிரியனானபோது அதை வைத்தே கற்பித்தேன். ஒருநாள் வலிமிகாத இடங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, அச்சுப் புத்தகம் வைத்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், நீங்கள் சொன்னதற்கு இடையில் ஒரு வரி இருக்கிறது” என்றாள். உண்மைதான். ஒரே சொல்லில் தொடங்கும் இரு வரிகளுள் முதலாவதை எழுதியபின் கண் தாவிவிட்டது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். ஏடெழுதினோரை அன்றுவரை எள்ளியவன் அதன் பின் எள்ளுவதில்லை. அந்தக் கொப்பி 2009இல் மற்றெல்லாவற்றோடும் போயிற்று. ஆயினும் விட்டுவிட்ட அந்த ஒரு வரி நீங்கலாக, எழுதிய இலக்கணத்தின் பெரும்பகுதி இன்றும் எனக்கு நினைவில் உண்டு. புத்தகத்தை வாங்கி வாசித்திருந்தால் இவ்வளவு நின்றிருக்குமோ என்பது ஐயமே.

இனி டொச்சு எழுத்தில் தமிழ் எழுதும் வழக்கத்துக்கு வருகிறேன். ஓலையில் புள்ளி விடுபட்டாற்போல, அவ்வெழுத்தில் எமது எழுத்து வேறுபாடுகள் விடுபடுகின்றன. லகர ளகரங்களுக்கு ஒரே எழுத்து. ரகர றகரங்களுக்கு ஒரே எழுத்து. நகர ணகர னகரங்களுக்கும் ஒன்றே. ‘எங்கள் பள்ளி விழா’ என்று தாயார் எழுதியதைப் பிள்ளை ‘எங்கள் பல்லி விழா’ என்று வாசித்தால் அதில் பிள்ளையின் பிழை என்ன? ஓலையை வாசித்தவனுக்கு மொழி தெரிந்திருந்தது. விடுபட்ட புள்ளியை அவன் கருத்தால் நிரப்பிக்கொண்டான். எம் பிள்ளைக்கோ மொழியே இப்போதுதான் வருகிறது. எதைக் கொண்டு நிரப்புவாள்?

இந்நாட்டில் இன்னோர் இடரும் உண்டு. பெற்றோர் பலர் ஊரில் கற்ற ஆங்கில முறையில் எழுதுகின்றனர்; பிள்ளையோ டொச்சு முறையில் வாசிக்கிறது. ஆங்கிலத்தில் வகர ஒலி தரும் எழுத்து டொச்சில் பல சொற்களில் ஃபகர ஒலி தரும். அதனால் ‘வணக்கம்’ என்பது ‘ஃபணக்கம்’ ஆகிறது. தமிழ் என்னும் பெயரின் ஈற்றில் ழகரத்துக்காக ஆங்கில முறையில் இடும் எழுத்தை இங்குள்ள பிள்ளை ‘ட்ஸ்’ என்று ஒலிக்கிறது. தன் மொழியின் பெயரையே அவ்வாறு உச்சரித்த பிள்ளையைத் திருத்தும்போது, “அம்மா இப்படித்தான் எழுதித் தந்தவ” என்று தாளைக் காட்டியது. இலண்டனில் இருக்கும் மாமன் மகளுக்கு அது அனுப்பும் தமிழ்ச் செய்தியை அவள் ஒருவிதமாக வாசிப்பாள். பாரிஸில் இருக்கும் சிற்றப்பா மகன் வேறுவிதமாக வாசிப்பான். மூவருக்கும் பொதுவான எழுத்து தமிழெழுத்து ஒன்றே.

ஒலிபெயர்ப்பை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி, ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் குறியிட்ட தனித்தனி உரோம எழுத்தை வகுத்துக்கொண்டே சொற்களை ஒலிபெயர்த்தது. அறிஞருக்கு அது வேண்டும். எம் பெயர்களைக் கடவுச்சீட்டில் எழுதவும் வேண்டும். அங்கு எம் பெயர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் ஒருவர் விட்ட ஓரெழுத்தால் நானும் என் தம்பியும் இந்நாட்டில் வெவ்வேறு குடும்பப் பெயரினராகி இருக்கிறோம்.

ஆயின் மொழியைக் கற்பிக்க அவ்வெழுத்துப் போதாது என்பதை, அவ்வழியில் முதலில் சென்றவர்களே கண்டுகொண்டனர். அச்சில் வந்த முதல் தமிழ் நூல் 1554இல் லிஸ்பனில் வெளியானது. அதில் தமிழ் உரோம எழுத்திலேயே அச்சிடப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகளின் பின், 1578இல், கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் வெளியானபோது அது தமிழெழுத்தில் இருந்தது. தமிழ்ச் சிறாரை அடைய வேண்டுமாயின் தமிழ் அச்செழுத்தை வார்க்கும் தொல்லையை ஏற்றேயாக வேண்டும் என அப்பிறநாட்டார் உணர்ந்தனர்.

இந்த ஜேர்மனி நாட்டிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்குச் சென்ற சீகன்பால்குவையும் எண்ணிப் பார்க்கலாம். இருபதுகளின் நடுவில் இருந்த அவ்விளைஞர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் தமிழெழுத்தை எழுதிப் பழகினார். பின்னர் எழுத்தரை அமர்த்தித் தமிழ் நூல்களை ஓலையில் பெயர்த்தெழுதுவித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறித்து 1708இல் பட்டியல் எழுதினார். ஹாலே நகரில் உள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பேணப்படுகின்றன. எம் பள்ளியின் உயர்வகுப்பு மாணவரை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். டொச்சுக்காரர் ஒருவர் தமிழெழுத்தை மணலில் எழுதிக் கற்றிருக்க, தமிழ்ப் பிள்ளை டொச்செழுத்தில் தமிழைக் கற்பது எனக்கு உறுத்துகிறது.

பெற்றோர் கூறும் மறுப்பு எனக்குத் தெரியும். கிழமையில் ஒருநாள், அதிலும் மூன்று மணி நேரம்; அதற்குள் பிள்ளை எப்போது எழுதப் பழகி, எப்போது பேச்சை மனனம் செய்வது? எழுத்து வரும்வரை காத்திருந்தால் மேடையே ஏறமாட்டாள். மேடையேறாவிட்டால் தமிழ்மேல் உள்ள ஆசையும் போய்விடும் என்கின்றனர். இரவுப் பணி முடித்து வந்து சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிவரும் தந்தையிடம் ‘வீட்டில் எழுதப் பழக்குங்கள்’ என்று சொல்ல எனக்கும் வாய் எழுவதில்லை. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும் என்று யார் விதித்தார்? நாமே விதித்தோம். பெரியோர் எழுதிய கடுந்தமிழ்ப் பேச்சைப் பொருள் அறியாது ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதும் நாமே. எட்டு வாக்கியம் போதும். பிள்ளைக்குப் பொருள் விளங்கும் எட்டு வாக்கியத்தைக் கிழமைக்கு இரண்டாகப் பெயர்த்தெழுதினால், ஒரு மாதத்தில் பேச்சும் முடியும். எழுதியதனால் மனனமும் ஆகிவிடும்.

பெயர்த்தெழுதுவதற்கும் முறை உண்டு. எழுத்துக்கு எழுத்து தலையை நிமிர்த்திப் பார்த்து வரைவது பயன் தராது. முதலில் வாக்கியத்தை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு சொல்லை முழுமையாக உற்றுப் பார்த்து, மூலத்தைக் கையால் மூடி, அச்சொல்லைத் தனக்குள் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பின் மூடியதைத் திறந்து ஒப்புநோக்க வேண்டும். பிழை கண்டால் பிள்ளையே திருத்தட்டும். நாம் சிவப்பு மையால் முந்திக்கொள்ள வேண்டியதில்லை. இந்நாட்டு ஆரம்பப் பள்ளிகளிலும் பார்த்தெழுதும் பயிற்சி இருப்பதால், எம் பிள்ளைகளுக்கு இது புதிதாகவும் இராது. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை ஏழு மாதங்களாக என் வகுப்பில் பார்த்து வருகிறேன். வகுப்பிலுள்ள பதினொருவரில் நால்வர் இன்னமும் ளகரத்தையும் ழகரத்தையும் மாற்றி எழுதுகின்றனர். மாற்றி எழுதியதை எழுவர் தாமே கண்டு அழிக்கின்றனர். சென்ற ஆண்டு எழுத்து வேறுபாடு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிய தாளை நடுவரிடம் கொடுத்த பின்னரே பேச வேண்டும்; கையெழுத்து அழகுக்குப் புள்ளி வேண்டாம், எழுதியிருந்தால் போதும். முதலிரு வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்விதி வேண்டாம். அவர்கள் கேட்டே பழகட்டும். இவ்வாண்டு என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய தாள்கள் மண்டப வாயிலின் இடப்புற மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அழித்தெழுதிய இடங்களையும் அவ்வாறே விட்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு நடுவில் நின்றுவிட்ட சிறுமியின் தாளும் அவற்றுள் உண்டு. இம்முறையும் உழவைப் பற்றியே பேசப்போகிறாள், எட்டு வாக்கியம். தாயாருக்கு இம்முறையும் சமையலறைப் பொறுப்பே. திரைக்கருகில் நான் நிற்பேன்.

விழா முடிந்த மறுகிழமை முதல் சனிக்கிழமைகளில் வகுப்புத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக, ஒன்பது மணிக்கே, நான் பாடசாலையில் இருப்பேன். எழுதப் பழக விரும்பும் பிள்ளைகளை அனுப்புங்கள். தாமும் மறந்துவிட்டோம் என்று கருதும் பெற்றோரும் வரலாம். கோடிட்ட கொப்பி ஒன்றும், பேனாவுக்குப் பதில் பென்சிலும் அழிறப்பரும் கொண்டுவந்தாற் போதுமானது.